நீல நூல் கட்டிய பாட்டில்

பெரம்பலூர்
7.4.2025

அன்பான அக்காவுக்கு,

தம்பி அரவிந்தன் எழுதுகிறேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது, மெஸ் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது, மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மாமாவும் அபியும் எப்படி இருக்கிறீர்கள்? மூணாவது பிறந்தநாளுக்கு நான் வரவில்லை என்று அபிக்கு இன்னும் கோபம் இருக்கிறதா?

என்னடா, இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறான் என்று சிரிக்காதே. உன் போனில் ஸ்பீக்கர் மட்டும்தான் வேலை செய்கிறது. போன வாரம் நான் உன்னிடம் பேச, "ஒனக்குக் கல்யாணம் எப்பப்பா?" என்று பால் ஊற்ற வந்த மருதாயி அக்கா பதில் சொல்கிறார். எனக்கு மானம் போய்விட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். எம்.எஸ்சி. கடைசி வருஷ ஆய்வுக்குப் புவனேஸ்வரி மேடம் எனக்குப் பாலைக் கொடுத்திருக்கிறார். பால் திரியாமல் இருக்கச் சில இடங்களில் அதில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுகிறார்கள். புண் கழுவுகிற, துணி வெளுக்கிற சமாச்சாரம் அது. குடித்தால் வயிறு புண்ணாகும். பாலில் அது எவ்வளவு இருக்கிறது என்று நான் அளக்க வேண்டும். முள்ளங்கி ஜாதிக் கிழங்கு ஒன்றிலிருந்து எடுத்த பெராக்ஸிடேஸ் என்ற நொதியையும் ஒரு சாயப் பொருளையும் சேர்த்து வைத்துக்கொண்டு, பாலைத் திரித்து வடிகட்டிய நீரை அதில் விடுவோம். பெராக்சைடு இருந்தால் இளஞ்சிவப்பு வரும். எவ்வளவு சிவப்போ அவ்வளவு பெராக்சைடு. அதை மெஷினில் வைத்தால் எண்ணாகக் காட்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க எனக்குச் சந்தேகமே இல்லாத சுத்தமான பால் வேண்டும். அதற்கு உன்னை விட்டால் எனக்கு யார்? நம் வீட்டு மாட்டுப் பாலை இரண்டு பாட்டிலில் அடைத்து, ஐஸ் போட்டு, தெர்மாகோல் பெட்டியில் வைத்துச் செந்துறை வண்டிக் கண்டக்டர் சாமிதுரை அண்ணனிடம் கொடு. அவரிடம் சொல்லிவிட்டேன். பதிலையும் பெட்டிக்குள்ளேயே வை.

அபிக்கு என் முத்தம். மாமாவுக்கு வணக்கம்.

உன் தம்பி,
அரவிந்தன்

*

செந்துறை பக்கம்
11.4.2025

பாசமுள்ள தம்பிக்கு,

அக்கா வெற்றிச்செல்வி எழுதிக்கிறேன். இங்க எல்லாரும் நல்லாருக்கோம். உன் மாமா ஆலத்தியூர் சிமெண்டு ஆலையில நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்து இப்பதான் படுத்தாரு. அபி உன்மேல கோவமா இல்ல. மாமா வந்தா கார் பொம்ம வரும்னு வாசலயே பாத்துக்கிட்டு கெடக்குது. நீ ஒழுங்கா சாப்புடு. எலும்பும் தோலுமா வந்து நிக்காத.

உன் லெட்டர ரெண்டு தடவ படிச்சேன். பால்ல அப்படியெல்லாமா ஊத்துறாங்க? படிக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு.

இங்க நம்ம வூட்டுல கம்பெனிக்குப் பால் சேர்க்குறதும் பெரிய பாடா இருக்குடா. பன்னண்டு பேரு காலையில ஆறு மணிக்கு ஊத்திட்டுப் போயிடுறாங்க. பால் கம்பெனி வண்டி ஏழுக்கு வரணும். வண்டி ஓட்டுற இளையபெருமாள் ஒன்பதுக்கு வராரு, சில நாளு பத்தும் ஆயிடுது. மார்ச்சு மாசம் மூணு தடவ கேனோட திரிஞ்சு போச்சு. பால் ஊத்துற அமாவாசை அண்ணன் எம்மூஞ்சப் பாத்து, "உங்கிட்ட ஊத்துறதுக்குச் சாக்கடையில ஊத்தலாம்"னு சொல்லிட்டுப் போனாரு. மூணு நாளு எனக்குச் சோறு எறங்கல. இப்ப திரியறது இல்ல.

ரெண்டு பாட்டில் நம்ம மாட்டுப் பாலு. மூணாவதா ஒண்ணு வெச்சிருக்கேன், கழுத்துல நீல நூல் கட்டிருக்கேன். அதுவும் இங்க உள்ள பாலுதான். ஏன் எதுக்குன்னு கேக்காத. அதுல ஏதாச்சும் இருக்கான்னு பாத்துச் சொல்லு. சீக்கிரம் சொல்லு.

ஒடம்பப் பாத்துக்க.

அக்கா

*

பெரம்பலூர்
16.4.2025

என் அருமை அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும். பெட்டி பத்திரமாக வந்தது, ஐஸ்கூட முழுசாகக் கரையவில்லை. சாமிதுரை அண்ணன் பெட்டிக்கு டிக்கெட் போடவில்லை, ஆனால் "இதுல கறியா, மீனா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டார்.

முடிவு வந்துவிட்டது. பாலே விடாத வெறும் சோதனைக் குழாயில் மெஷின் 0.04 காட்டியது. அந்தச் சாயத்துக்கே உள்ள லேசான நிறம் அது. நம் மாட்டுப் பால் 0.05. அதாவது ஒன்றும் இல்லை.

உன் நீல நூல் பாட்டில் என்ன காட்டியது தெரியுமா? 0.01! வெறும் குழாயைவிடக் குறைவு! கண்ணாடி மாதிரி நின்றது, சிவப்பின் சாயல்கூடக் கிடையாது. அது எந்த மாடு? அதை என்னிடம் அனுப்பிவை, மாலை போட்டுக் கும்பிடுகிறேன். இதுவரை டவுன் டீக்கடைகளில் வாங்கிய பால் ஒன்றுகூட இத்தனை சுத்தமாக இல்லை. என் நோட்டில் "மிகச் சுத்தம்" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

என் அக்கா அனுப்பும் பால் வேறு எப்படி இருக்கும்?

அரவிந்தன்

*

செந்துறை பக்கம்
19.4.2025

தங்கமான தம்பிக்கு,

நாங்க சவுக்கியம். உன் லெட்டர அடுப்படியில நின்னுக்கிட்டே படிச்சேன். படிச்சு முடிச்சதும் கரண்டியப் போட்டுட்டுச் சாமி படத்துக்கு முன்னால விழுந்து கும்புட்டேன். உன் மாமா என்னமோ ஏதோன்னு ஓடியாந்தாரு. ஒண்ணுமில்ல, தம்பி நல்ல மார்க்கு வாங்கிருக்கான்னு சொல்லி வெச்சேன்.

நெஞ்சுல ஒரு பாறாங்கல்லு இருந்துச்சுடா. அத எறக்கி வெச்சுட்ட. நீ படிச்ச படிப்பு வீண் போவல.

இனிமே அபிக்குன்னு தனிச் சொம்பு எடுத்து வெக்கிற வேலையும் மிச்சம். அதுவும் கேன்ல உள்ளதயே குடிக்கட்டும். இப்பல்லாம் பாலு பொங்கப் பொங்க நொரைக்குது. அபிக்கு நொரைன்னா உசுரு. காச்சுற வரைக்கும் பொறுக்க மாட்டேங்குது, டம்ளர எடுத்துக்கிட்டு கேன்கிட்ட போயி நிக்குது. குடிச்சிட்டு மீச வெச்சுக்கிட்டு, "நான் யாரு சொல்லு"ங்குது. "தாத்தா"ன்னு சொன்னா விழுந்து விழுந்து சிரிக்குது.

நீயும் ராத்திரியில பால் குடி.

அக்கா

*

பெரம்பலூர்
30.4.2025

அக்காவுக்கு வணக்கம்.

எனக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது, இப்போது பரவாயில்லை. அங்கே எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். பதில் எழுதப் பத்து நாளாகிவிட்டது, திட்டாதே. நாற்பது கடைப் பால், நாற்பது குழாய், ராத்திரி கனவில்கூட இளஞ்சிவப்பாகத்தான் வருகிறது.

உன் நீல நூல் பாலை மேடத்திடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "வெறும் குழாயைவிடக் குறைவா? மறுபடி ஒரு பாட்டில் வாங்கிப் போடுங்க" என்றார். அவருக்கு எதிலும் சந்தேகம். இன்னொன்று அனுப்பிவிடு, அவர் வாயை அடைத்துவிடலாம்.

மீசைத் தாத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அரவிந்தன்

*

செந்துறை பக்கம்
10.5.2025

தம்பிக்கு அக்கா எழுதிக்கிறது,

நானும் மாமாவும் நல்லாருக்கோம். அபிக்குத்தான் ஒடம்பு சொகமில்ல. ஒரு வாரமா வாயெல்லாம் புண்ணு. குடிச்சதெல்லாம் வெளிய எடுத்துடுது. வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சுருண்டு படுத்துக்குது. வெயில் சூடுன்னு எல்லாரும் சொல்றாங்க. சுத்திப் போட்டேன். செந்துறையில டாக்டர்கிட்ட காட்டி மருந்தும் வாங்கியாந்தேன். சோறு எறங்கல, பால மட்டுமாச்சும் குடிக்கட்டும்னு குடுத்துக்கிட்டு இருக்கேன்.

உங்க மேடம் கேட்ட பாட்டில் வெச்சிருக்கேன். நீல நூல்தான். வண்டி இப்பல்லாம் மத்தியானம்தான் வருது. ஆனா பாலு திரியறதே இல்ல. அந்தக் கவல விட்டுச்சு.

அபி "மாமா எப்ப வரும்"னு கேக்குது. மொணகலாத்தான் கேக்குது. முடிஞ்சா ஒரு நடை வந்துட்டுப் போ.

அக்கா

*

பெரம்பலூர்
13.5.2025, மதியம் 1.20

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. அபிக்கு அந்தப் பாலைக் கொடுக்காதே. ஒரு சொட்டுக் கொடுக்காதே. நீயும் குடிக்காதே. கேனில் உள்ளதை யாருக்கும் விடாமல் கீழே கொட்டு.

உனக்கு ஆறு தடவை போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். மாமா எடுக்கவில்லை. சாமிதுரை அண்ணன் வண்டி இன்னும் பத்து நிமிடத்தில் கிளம்புகிறது. கையோடு கொடுக்கச் சொல்லி இதைக் கொடுத்துவிடுகிறேன். குழந்தைக்கு என்ன செய்வது என்று இங்கே ஒரு டாக்டரிடம் கேட்டுக்கொண்டு அடுத்த வண்டியில் நான் வருகிறேன். நீ காத்திருக்காதே. இதைப் படித்த நிமிடமே அபியைத் தூக்கிக்கொண்டு அரியலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போ.

நான் தப்புச் செய்துவிட்டேன் அக்கா. புதுப் பாட்டிலும் 0.01 தான் காட்டியது. நான் மேடத்தைப் பார்த்து இளித்தேன். அவர் அதே பாலில் நூற்றில் ஒரு பங்கை எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் விட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ரத்தமாகச் சிவந்தது. நான் பிடித்திருந்த குழாய் கையை விட்டு நழுவி உடைந்தது. ஆயிரத்தில் ஒரு பங்கு போட்டோம், அதுவும் சிவப்பு.

பெராக்சைடு அளவுக்கு மேல் போனால் அது நொதியையே கொன்றுவிடுமாம். வந்த நிறத்தையும் வெளுத்துவிடுமாம். பந்தியில் பரிமாறுகிற ஒரே ஆளை ஐந்நூறு பேர் சேர்ந்து மிதித்துப் போட்டால், வாசலில் நின்று பார்க்கிறவனுக்கு உள்ளே சத்தமே இல்லை என்றுதான் தோன்றும். அந்த வாசலில் நின்றவன் நான். அந்தப் பாலில் பெராக்சைடு இல்லாததால் நிறம் வராமல் போகவில்லை. அவ்வளவு இருந்ததால்தான் வரவில்லை.

நுரை பொங்குகிறது என்று எழுதினாயே, ஐயோ, அதுவும் இதுதான். பெராக்சைடு பாலில் பட்டால் நுரைக்கும். நான் அதைப் படித்துச் சிரித்தேன்.

போ அக்கா. உடனே போ.

*

பெரம்பலூர்
22.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று ராத்திரி வந்து சேர்ந்தேன். எனக்கு ஒன்றுமில்லை. அபி இன்று எப்படி இருக்கிறாள்? கஞ்சி இறங்குகிறதா? ராத்திரி தூங்கினாளா? இந்த மூன்றுக்கும் மட்டுமாவது பதில் எழுது.

அன்றைக்கு நான் வந்தபோது உன் வீடு பூட்டிக் கிடந்தது. மருதாயி அக்காதான் தலையில் அடித்துக்கொண்டு, "புள்ள ரத்தமா வாந்தி எடுத்துச்சுப்பா, காலையிலேயே அரியலூருக்குத் தூக்கிக்கிட்டு ஓடிட்டாங்க" என்றார். என் கடிதம் பிரிக்காமல் கதவிடுக்கில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அடுத்த வண்டியில் அரியலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேன்.

தொண்டையிலும் இரைப்பையிலும் புண். ஆறிவிடும் என்று டாக்டர் சொன்னதை நான் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஆறிவிடும், அக்கா.

ஆனால் ஆஸ்பத்திரியில் எட்டு நாள் உன் பக்கத்தில் இருந்தேன், நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அபியின் ஒரே சட்டையை நாலு தடவை துவைத்தாய். நான் பெராக்சைடு என்று டாக்டரிடம் சொன்னபோது நீ எழுந்து வெளியே போனாய். மாமா பாவம், "வெயில் சூடுன்னு நெனச்சுட்டோம் மாப்ள" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

எனக்குத் தெரிந்தாக வேண்டும். அந்தப் பாலில் ஊற்றியது யார்? இளையபெருமாளா? வண்டி வருவதற்கு முன் யார் வந்து ஊற்ற முடியும்? பால் ஊற்றுகிற பன்னிரண்டு பேரில் ஒருவரா? நினைத்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. யாராக இருந்தாலும் விடப்போவதில்லை. அரியலூரில் உணவுப் பாதுகாப்பு ஆபீஸில் எழுதிக் கொடுக்கப்போகிறேன். பேரை மட்டும் சொல்.

உன்னைக் கேள்வி கேட்பதாக நினைக்காதே. உன்மேல் எனக்கு ஒரு துளி சந்தேகம் கிடையாது.

அரவிந்தன்

*

செந்துறை பக்கம்
3.6.2025

தம்பி அரவிந்தனுக்கு,

அபிக்குக் கஞ்சி எறங்குது. தூங்குது. வாய்ப்புண்ணு ஆறிடுச்சு. போன திங்கக்கெழம வூட்டுக்குக் கூட்டியாந்தோம். நீ கேட்ட மூணுக்கும் பதில் எழுதிட்டேன். இனி நீ கேட்ட நாலாவதுக்கு எழுதறேன். இத எழுத எனக்குப் பன்னண்டு நாளாச்சு.

ஊத்துனது நான்தான்.

மார்ச்சு கடேசில மூணாவது தடவ திரிஞ்சப்ப இளையபெருமாள் ஒரு வெள்ளக் கேன் கொண்டாந்து குடுத்தாரு. சீட்டு எதுவும் ஒட்டல. தண்ணி மாதிரி இருந்துச்சு. "பால் கெடாம இருக்குற மருந்துங்க, கேனுக்கு ரெண்டு மூடி ஊத்துங்க, எல்லா ஊர்லயும் இதான்"னு சொன்னாரு. என்ன மருந்துன்னு நான் கேக்கல. அமாவாசை அண்ணன் சொன்ன வார்த்த காதுலயே நின்னுச்சு. ஊத்துனேன்.

உன் மொத லெட்டர் வந்தப்ப எனக்குப் பகீர்னுச்சு. இதுவும் அதுவா இருக்குமோன்னு பயந்துபோயித்தான் நீல நூல் கட்டி அனுப்புனேன். நீ என்ன நெனைப்பியோன்னு சொல்லாம விட்டேன். நீ சுத்தம்னு எழுதுன. அடிக்கோடு போட்டேன்னு எழுதுன. அப்ப இது வேற ஏதோ நல்ல மருந்துதான்னு நெனச்சுட்டேன். வண்டி மத்தியானம் வர ஆரம்பிச்சதும் ரெண்டு மூடிய அஞ்சு மூடி ஆக்குனேன்.

உம்மேல பழி போடறேன்னு நெனைக்காத. இன்னொண்ணு இருக்கு. அத யார்கிட்டயும் சொல்லல, உன் மாமாகிட்டகூட.

மருந்து ஊத்தறதுக்கு முன்னாடி தெனமும் அபிக்கு ஒரு சொம்பு பால் தனியா எடுத்து வெச்சிருவேன். மொத நாள்லேருந்தே. உன் லெட்டர் எதுவும் வரதுக்கு முன்னாடியே. ஊரான் புள்ளைங்க குடிக்கப் போற பால்ல ஊத்துனேன், எம் புள்ளைக்கு எடுத்து வெச்சேன். அப்ப எனக்குத் தெரிஞ்சுதானடா இருக்கு? மருந்துன்னு நம்பியிருந்தா எதுக்கு எடுத்து வெச்சேன்? இத நெனச்சா என் கையே எனக்கு அருவருப்பா இருக்கு. உன் லெட்டர் வந்த அன்னிக்குத்தான் அந்தச் சொம்பக் கவுத்து வெச்சேன்.

எம் புள்ளைக்கு வந்தது கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு. அந்தப் பால வாங்கிக் குடிச்ச மத்த புள்ளைங்க எங்க இருக்கு, எப்படி இருக்கு? அத எந்த மெஷின்ல பாக்குறது?

நேத்து நானே அரியலூர் போயி அந்த ஆபீஸ்ல வெள்ளக் கேனக் குடுத்துட்டேன். இளையபெருமாள் பேரச் சொன்னேன். மொதல்ல என் பேரச் சொன்னேன். கேஸ் ஆகும்னாங்க. ஆகட்டும். பால் எடுக்குறத நிறுத்தியாச்சு. உன் மாமா எங்கூடப் பேசறது இல்ல.

பெட்டியில ஒரு பாட்டில் இருக்கு, செவப்பு நூல் கட்டிருக்கேன். நம்ம மாட்டுப் பாலு, நான் கறந்து நேரா அடைச்சது. இனி பால் குடுக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா டம்ளர எடுத்தா ஊத்தாம அப்படியே திரும்ப வெச்சுடறேன். அபியும் நொரையப் பாத்தா வீல்னு கத்துது. நீ பாத்துச் சொன்னாத்தான் நான் குடுப்பேன்.

உன்னத்தவிர எனக்கு வேற யாரத் தெரியும்?

வெற்றிச்செல்வி

*

பெரம்பலூர்
9.6.2025

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஆய்வகத்துக்குப் போகவில்லை. உன்மேல் கோபமா என்று கேட்டால் ஆமாம். என்மேல் அதைவிட. கழுத்தில் நூலைக் கட்டி, ஏன் என்று கேட்காதே என்று ஒருத்தி எழுதினால், கேட்டிருக்க வேண்டும். உன் பால் என்பதற்காகவே நான் கரைத்துப் பார்க்கவில்லை. டீக்கடைக்காரர் பாலாக இருந்தால் பார்த்திருப்பேன்.

நோட்டில் "மிகச் சுத்தம்" என்று எழுதியதை அடிக்கவில்லை. பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த ஆபீஸிலிருந்து கேட்டார்கள், நோட்டை அப்படியே கொடுத்தேன். நானும் வந்து சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

சிவப்பு நூல் பாட்டில் வந்த அன்றே ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். அப்படியே ஒரு முறை, பத்து மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு கரைத்து ஒவ்வொரு முறை பார்த்தேன். நொதி உயிரோடு இருக்கிறதா என்று தெரிய, பார்த்து முடித்த குழாய் ஒவ்வொன்றிலும் நானே துளி பெராக்சைடு விட்டேன். நான்கும் உடனே சிவந்தன. மேடம் தனியாக ஒரு முறை செய்தார். பாலில் ஒன்றும் இல்லை.

சுத்தம் என்று எழுதலாமென்று பேனாவை எடுத்தேன். கை வரவில்லை அக்கா. அந்தச் சொல்லை இனி எழுதுவேனா என்று தெரியவில்லை.

அதனால் வேறொன்று செய்தேன். பரிசோதனைக்கு எடுத்தது போக அரை பாட்டில் மீதி இருந்தது. அறைக்குக் கொண்டுவந்து காய்ச்சி, நேற்று காலை ஆறரை மணிக்கு நான் குடித்தேன். இப்போது மறுநாள் காலை எட்டு மணி. வயிறு வலிக்கவில்லை, வாய் புண்ணாகவில்லை.

நுரையை எடுத்துவிட்டு, ஆற்றி, அபிக்குக் கொடு.

அரவிந்தன்